என் அளவுக்கு நட்ட கோல்

படப்பையில் காது டாக்டரிடம் போனால் முதல் கேள்வியே இதுதான்: "எந்தக் கம்பெனிம்மா? பிரஸ் ஷாப்பா?" இந்தப் பக்கத்தில் காது மந்தமானவர்கள் எல்லாரும் தகடு அடிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது அவர் நினைப்பு. போன மாதம் என்னிடமும் கேட்டார். நான் எந்தக் கம்பெனி வாசலையும் மிதித்ததில்லை என்றேன்.

"அப்புறம் எப்படி வலது காது மட்டும் இப்படி?"

"இந்தியா ஹேண்ட்பால் டீமாலதான்" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். என்னோடு வந்திருந்த என் மகளைப் பார்த்தார், அம்மாவுக்குக் காதில் மட்டும்தானா கோளாறு என்பது போல. அவள் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். அவர் நம்பாவிட்டால் எனக்கென்ன? தொண்ணூற்றொன்றில் இந்த நாட்டு ஆண்கள் அணி எழுந்து நின்றதில் என் காதுக்கும் பங்கு இருக்கிறது. பேப்பரில் கோச்சின் படம் வந்தது. மாலை போட்டவர்களின் படமும் மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களின் படமும்கூட வந்தன. என் காது எதிலும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஹேண்ட்பால் தெரியாதவர்கள் அதைக் கையால் ஆடுகிற கால்பந்து என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக்கு ஏழு பேர். கோலுக்கு முன்னால் அரைவட்டமாக ஒரு கோடு இருக்கும். கோலியைத் தவிர யாரும் அதற்குள் கால் வைக்கக் கூடாது. அதனால் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பிக் குதித்து, கால் தரையில் படுவதற்குள் அந்தரத்தில் இருந்தபடியே பந்தை எறிவார்கள். எதிரே நிற்கிற கோலிக்கு யோசிக்க நேரமே கிடையாது. நான் சொல்வதை நம்பலாம், நின்றவள் நான்.

எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பிள்ளைப்பாக்கம். என் தம்பி என்னைவிட ஒரு வயது சின்னவன், இடது கைக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு டிரங்க் ரோட்டில் ஒரு கம்பெனியில் கேஷுவல் ஆளாகச் சேர்ந்திருந்தான். அந்தக் கம்பெனியில் படப்பைக்காரர் ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் சேர்ந்து, கால் முறிந்து, இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தவர். அங்கே ஹேண்ட்பால் ஆடியிருக்கிறார். வரும்போது பழைய பந்து ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். பந்து அவருடையது என்பதால் அவர்தான் கேப்டன். கம்பெனியிலிருந்து ஒரு ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, எங்கள் ஏரியின் மேட்டுப் பக்கத்தில், தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்து, ஆட்டத்தை ஆரம்பித்தார்.

கோல் நடுகிற அன்று சவுக்குக் கம்பு வந்துவிட்டது. ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரிடம் கெஞ்சி வாங்கிய கிழிந்த வலையும் வந்துவிட்டது. அளவுதான் யாருக்கும் தெரியவில்லை. கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு பட்டாளத்து மைதானத்தை நினைவுக்குக் கொண்டுவந்தார்.

"கோலி நடுவுல நின்னு ரெண்டு கையும் நீட்டணும். அதுக்கு அப்பால இந்தாண்ட ஒரு முழம், அந்தாண்ட ஒரு முழம். கையத் தூக்கி மடக்கினா முழங்கை மேல் கம்புல இடிக்கணும். அவ்ளோதான் கோலு."

எங்கள் கோலி அன்று காலை ஷிப்ட்டில் இருந்தான். தம்பிக்குத் தூக்கில் கூழ் கொண்டு போயிருந்த நான்தான் கண்ணில் பட்டேன். "நீ வந்து நில்லும்மா, அளவுக்குத்தான்" என்றார் கேப்டன். நின்றேன். கையை நீட்டினேன், தூக்கினேன். என் கையைத் தாண்டி முழம் போட்டுப் பள்ளம் தோண்டினார்கள். கேப்டனின் ஞாபகத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவர் பட்டாளத்தில் பார்த்த கோலி ஆறடிக்கு மேல். நான் ஐந்தடி கூட இல்லை. அத்தனை ஆம்பிளைகள் சுற்றி நின்றார்கள், ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. கூழ் ஆறிக்கொண்டிருந்தது.

அப்படித்தான் பிள்ளைப்பாக்கம் ஏரியில் என் அளவுக்கு ஒரு கோல் எழும்பியது. உலகத்தில் வேறெங்கும் அந்த அளவில் ஹேண்ட்பால் கோல் இருந்திருக்காது.

கம்பெனியில் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். ஏழு பேரும் ஒன்றாகச் சேருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் ஓ.டி. இல்லாவிட்டால். தம்பிக்கு மதிய ஷிப்ட் வரும் வாரங்களில் காலை முழுக்க அவன் தனியாக ஏரியில் கிடப்பான். எறிவான், ஓடிப்போய் எடுப்பான், மறுபடி எறிவான். ஒரு நாள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"காலி கோல்ல போடறது போடறதே இல்லக்கா. ஒரு ஆளு நிக்கணும்."

"நான் நிக்கறேன். ஆனா பந்து வெளிய போனா ஓடிப் போயி எடுத்தாந்து குடுக்க மாட்டேன். நீயே பொறுக்கிக்கோ" என்றேன்.

அவனுடைய பழைய காக்கி பேண்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டு போய் நின்றேன். முதல் பந்து வயிற்றில் பட்டது. மூச்சு நின்று வந்தது. இரண்டாவது முழங்காலில். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவன் பால் பற்களோடு திரிந்த காலத்திலிருந்து பார்க்கிறேன், இவனிடம் போய்த் தோற்பதா? ஒரு வாரத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கோலி பயந்துபோய் முதலில் அசைந்தால்தான் அவனுக்கு வழி கிடைக்கிறது. அசையாமல் நின்றால் அவன் அந்தரத்தில் முழிக்கிறான். அதனால் நான் அசைவதில்லை என்று முடிவு செய்தேன். அவன் எம்புவான், கையை ஓங்குவான், கண்ணால் ஒரு பக்கம் காட்டுவான். நான் நட்டுவைத்த கம்பு போல் நிற்பேன். கடைசியில் எங்காவது எறிவான். கோல் என் கைக்கு அடங்கியது, தட்டிவிடுவேன். தட்டிவிட்டு, "இன்னாடா, கை வலிக்குதா?" என்று கேட்பேன். அந்தக் கேள்விதான் அவனுக்குப் பற்றி எரியும். வேண்டுமென்றே கேட்பேன்.

கீழே குத்தி எறியலாம் என்றால் ஏரி மண் விடாது. வெடித்துக் கிடக்கிற களிமண்ணில் பந்து விழுந்தால் நேராக எழும்பாது, சில நேரம் எழும்பவே எழும்பாது. மூலைகள் எல்லாம் என் கைக்குள். அப்புறம் எங்கே இடம்? கையை விரித்து நிற்கிற ஆளின் தலைக்கும் தூக்கிய கைக்கும் நடுவில், தோளுக்கு மேல், காதை ஒட்டி ஒரு சந்து இருக்கும். பந்து நுழைகிற அளவுதான். அங்கே வருவதைக் கையால் தடுக்க முடியாது, கை ஏற்கெனவே அதைத் தாண்டி வெளியே இருக்கிறது. தலையைத் திருப்பினால் மூக்கு போய்விடும். தம்பி அந்தச் சந்தைக் கண்டுபிடித்தான். இடது கைக்காரன் நேராக எறிந்தால் அது எனக்கு வலது காது. முதல் முறை அது என் காதோரம் விர்ரென்று போய் மீன் வலையில் விழுந்தபோது, அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டான்: "இன்னாக்கா, காது வலிக்குதா?"

அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டிக் குடுக்கற வயசுல பேண்ட்டு மாட்டிகினு ஏரியில போயி நிக்கறாளே, இவளை எவன்டி கட்டுவான்?" என்பாள். கிணற்றடியில் வேறு பேச்சு. ஒருத்தி என் காதுபடவே, "ஆம்பளைங்க எறியறாங்க, இவ புடிக்கறாளாம்" என்றாள். "நீ வந்து எறி, அத்தயும் புடிக்கறேன்" என்றேன். அதற்கப்புறம் என் முன்னால் யாரும் பேசவில்லை. பின்னால் பேசியிருப்பார்கள். அது அவரவர் வாய். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மாட்டைக் கட்டுவார், அவிழ்ப்பார், என் சிராய்த்த முழங்கையைப் பார்ப்பார், போய்விடுவார்.

அடுத்த பொங்கல் கழிந்து எங்கள் ஆட்கள் மெட்ராஸில் நடந்த மாநிலப் போட்டிக்குப் போனார்கள். தோற்றுத்தான் திரும்பினார்கள். ஆனால் தம்பி வீட்டுக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

"அங்க கோலு இன்னா பெருசு தெரியுமாக்கா! நம்ம மாட்டுக் கொட்டா வாசல் மாதிரி கீது. எங்க போட்டாலும் உள்ள போவுது!"

டீம் தோற்றாலும் அவன் கையிலிருந்து போன பந்துகளை ஒரு கோலியாலும் நிறுத்த முடியவில்லையாம். அப்போதுதான் அளவு தப்பு என்று எல்லாருக்கும் தெரிந்தது. கேப்டனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே கடப்பாரையோடு வந்துவிட்டார். "தப்பான அளவுல ஆடினது தெரிஞ்சா ஊர் சிரிக்கும்" என்றார். நான் கோலுக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"என் அளவுக்கு நட்டது. என்னக் கேக்காம யாரும் புடுங்கக் கூடாது."

"அது தப்பும்மா."

"தப்பாவே இருக்கட்டும். இதுல போடறவன் அதுல போட மாட்டானா?"

தம்பி என் பக்கம் நின்றான். கேப்டன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் எங்களோடு பேசாமல் இருந்தார். பிறகு சரியான அளவில் இன்னொரு கோலை எதிர்ப்பக்கம் நட்டுக்கொண்டார். ஆக, எங்கள் மைதானத்தில் ஒரு கோல் பெரிது, ஒரு கோல் சின்னது.

மாநிலப் போட்டியில் பார்த்தவர்கள் தம்பியை இந்திய அணியின் கேம்ப்புக்குக் கூப்பிட்டார்கள். கேம்ப் வடக்கே எங்கேயோ. கம்பெனியில் கேஷுவல் ஆளுக்கு அவ்வளவு நாள் லீவ் கிடையாது, போனால் வேலை இல்லை என்றார்கள். போனான். டீமில் இடம் கிடைக்காவிட்டால் வேலையும் இல்லை, விளையாட்டும் இல்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போது நம் அணி இருந்த லட்சணம் இருக்கிறதே, வெளிநாட்டோடு ஆடினால் பாதி ஆட்டத்திலேயே முடிவு தெரிந்துவிடும். பேப்பரில் இரண்டு வரி வரும், அந்த இரண்டு வரியும் தோற்ற கதையாக இருக்கும். இந்த முறை மெட்ராஸிலேயே நாலைந்து நாடுகள் வந்து ஆடும் போட்டி ஒன்று வைத்திருந்தார்கள். அதில் தேறினால் ஆசியப் போட்டிக்குப் போகலாம். தேறாவிட்டால் இந்த அணிக்கு இனி காசு செலவழிப்பதில்லை என்று பேச்சு.

அந்த மே மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னாலே எதிரில் நிற்பவர் குரலைத் தாழ்த்திவிடுவார். கேம்ப்பிலும் தம்பியை அப்படித்தான் பார்த்தார்களாம். எந்த ஊர் என்று கேட்பார்கள், சொன்னதும் பேச்சு நின்றுவிடும். ஆனியில் கேம்ப் நடுவே சில நாள் அவன் வீட்டுக்கு வந்தபோது, நாங்கள் விடியற்காலையில் ஏரியில் நிற்பதைப் பார்த்து ஒரு போலீஸ் ஜீப் வந்தது. கம்பு, வலை, சுண்ணாம்புக் கோடு, உருண்டையாக ஒரு சாமான், பேண்ட் போட்ட ஒரு பெண். இன்ஸ்பெக்டர் பந்தை லத்தியால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா பண்றீங்க இங்க?"

"இந்தியாவுக்கு ஆடறதுக்குப் பழகறோம் சார்" என்றேன்.

"நீயா?"

"அவன் ஆடறான். நான் பழக்கறேன்."

அவருக்குச் சிரிப்பதா அதட்டுவதா என்று தெரியவில்லை. தம்பியை ஒரு முறை எறியச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். போகும்போது, "இந்த ஊரு பேர் பேப்பர்ல இதுக்கும் வரட்டும்பா" என்றார். அந்த ஆளின் மேல் எனக்கு அன்று மரியாதை வந்தது.

ஆனால் தம்பியின் முகம் தெளிவாக இல்லை. கேம்ப்பில் கோச்சுக்கு அவன் எறிகிற விதம் பிடிக்கவில்லை. கோலியின் தலைக்குப் பக்கத்தில் போடுகிறாய், ஏழு மீட்டர் பெனால்டியில், கோலியை மட்டும் எதிரே வைத்து எறியும்போது, அசையாமல் நிற்கிற அவன் தலையில் தப்பித்தவறிப் பட்டால் உன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள், அணியே போகும், ஒழுங்காக மூலையில் போடு, இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"பெரிய கோலுக்குப் போயிடலாம்க்கா. மூலையில போட்டுப் பழகறேன்."

"மூலையில போடறவன் அங்க எத்தினி பேர் கீறான்?"

"எல்லாரும்தான்."

"அப்ப நீ எதுக்கு அவங்களுக்கு?"

பெரிய கோல் பக்கம் திரும்பினான். "தலையில படும்னு பயந்தா, படாம போடப் பழகு. தலை நான் தரேன்" என்றேன். என் சின்ன கோலிலேயே நின்றேன். அந்த நாட்களில் அவன் அந்தச் சந்தைத் தவிர வேறெங்கும் எறியக் கூடாது என்பது என் உத்தரவு. ஒவ்வொன்றும் காற்றாக வந்து காதைத் தடவிக்கொண்டு போகும். வேர்வை, பயம், கோச்சின் பேச்சு, எது என்று தெரியவில்லை, ஒரு நாள் அவன் கை ஒரு விரற்கடை தள்ளிவிட்டது. பந்து என் வலது காதின் மேலேயே அறைந்தது.

மண்டைக்குள் ஒரு விசில் கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. தலையைத் திருப்பிய பிறகுதான் "அக்கா, அக்கா" என்று அவன் கத்திக்கொண்டிருப்பது கேட்டது. காது வீங்கி, சிவந்து, மாலைக்குள் அப்பளம் போல உப்பிவிட்டது.

மறுநாள் ஒரகடத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா என் தலையை ஒரு பக்கமாகச் சீவி, காதை மறைத்து, பூவை அதன் மேல் தொங்கவிட்டாள். "குளவி கொட்டிச்சுன்னு சொல்லு" என்றாள். நான் காபியை நீட்டும்போது பூ நழுவிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா கண் போன இடம் எனக்குத் தெரிந்தது.

"காதுக்கு இன்னாம்மா ஆச்சு?"

"குளவி..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"பந்து பட்டுச்சு" என்றேன். "என் தம்பி இந்தியா டீமுக்குப் பழகறான். அவனுக்கு நான் கோலி."

மாப்பிள்ளை காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா, "கல்யாணத்துக்கு அப்பறமும் பந்து புடிக்குமா பொண்ணு?" என்று கேட்டாள். "தம்பிக்கு எடம் கெடைக்கற வரைக்கும் புடிப்பேன்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர்களும் மரியாதையாகத்தான் எழுந்து போனார்கள். திரும்பி வரவில்லை. அம்மா அன்று முழுக்க அழுதாள். எனக்கும் உள்ளுக்குள் வலித்தது, இல்லை என்று சொன்னால் பொய். அந்த மாப்பிள்ளை பார்க்க நன்றாகத்தான் இருந்தார்.

தம்பிதான் அதிகம் உடைந்துபோனான். பந்தை மாட்டுக் கொட்டகையின் பரணில் தூக்கிப் போட்டுவிட்டான். கேம்ப்புக்கும் போகப்போவதில்லை, ஒன்றும் வேண்டாம் என்று முற்றத்தில் சுருண்டு படுத்துக்கொண்டான். நான் பரணில் ஏறிப் பந்தை எடுத்தேன். அவன் பக்கத்தில் போய் நின்று, காலால் அவன் பாயைத் தட்டினேன்.

"எழுந்துரு. வந்து போடு."

"முடியாதுக்கா. உன் காது..."

"காது போயிடுச்சு. கல்யாணமும் போயிடுச்சு. ரெண்டும் சும்மா போவணுமா? இப்ப நீ வரல, நான் ஊர்ல எவனையாவது கூட்டியாந்து எறிய சொல்லுவேன். அவனுக்கு ஒழுங்கா எறியத் தெரியாது, இன்னொரு காதும் போவும். உனக்குப் பரவாயில்லையா?"

அவன் என்னை முறைத்தான். அந்த முறைப்பைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்தது. எழுந்து வந்தான். வீங்கிய காதோடு அதே இடத்தில் நின்றேன். அவன் எம்பினான். நான் அசையவில்லை. காற்று மட்டும் காதில் பட்டது. மறுபடி, மறுபடி. அன்றிலிருந்து அவன் கேம்ப்புக்குத் திரும்பிப் போகிறவரை ஒரு பந்துகூட என் மேல் படவில்லை. ஒரு பந்தைக்கூட என்னால் தடுக்கவும் முடியவில்லை.

அவன் பேர் லிஸ்ட்டில் வந்தது. ஆள் குறைவு, வேறு இடது கைக்காரன் கிடைக்கவில்லை என்பதற்காகத்தான் எடுத்தோம் என்று கோச் சொன்னாராம். எதற்காக எடுத்தால் என்ன?

மெட்ராஸ் போட்டியில் முதல் ஆட்டத்தில் நம்மவர்கள் வழக்கம்போல் செமத்தியாக வாங்கினார்கள். இரண்டாவதில் தம்பியைக் கொஞ்ச நேரம் இறக்கினார்கள், ஜெயித்தார்கள். மூன்றாவதுதான் முடிவு. எதிரே வந்தது எப்போதும் நம்மை மிதித்தே அனுப்புகிற ஒரு நாடு. அன்று காலை நான் புறப்பட்டபோது அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். "நானும் வரேன்" என்றார், அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் என் வலது பக்கம் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது போல் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

தகரக் கூரை போட்ட அரங்கம். பெண்கள் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணலாம். அந்த நாட்டின் கோலி சவுக்கு மரம் போல் இருந்தான், கையை விரித்தால் கோலே மறைந்தது. நம்மவர்கள் மூலை மூலையாகப் போட்டார்கள், அவன் மூலை மூலையாக எடுத்தான். பெனால்டி இரண்டு கிடைத்தது, இரண்டையும் வேறு ஆட்கள் மூலையில் போட்டு வீணாக்கினார்கள். ஆனாலும் நம் ஆட்கள் அன்று விடவில்லை. விழுந்தார்கள், எழுந்தார்கள், தடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள், நம்ம டீமா இது என்று கேட்டுக்கொண்டார்கள். ஆட்டம் முடிகிற நேரத்தில் இரண்டு பக்கமும் சமம். அப்போது கோலுக்கு எதிரே நம் ஆள் ஒருவனை அந்தரத்தில் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். விசில். ஏழு மீட்டர் பெனால்டி.

முன்னால் போட்ட இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தம்பி போய்ப் பந்தை எடுத்தான். யாரும் சொல்லி எடுத்தானா, தானாக எடுத்தானா என்று எனக்குத் தெரியாது. ஓரத்தில் கோச் எழுந்து நின்று கீழ் மூலையைக் கையால் காட்டிக் காட்டிக் கத்தினார். அந்த நெட்டைக் கோலி கோலை விட்டு முன்னால் வந்தான். பெனால்டிக்கு அவன் கொஞ்ச தூரம் முன்னால் வரலாம். அப்படி வந்து கையை விரித்ததும், பந்தை வைத்துக்கொண்டு நிற்பவனுக்குக் கோல் சுருங்கித் தெரியும். அவன் கைக்கு அப்பால் இந்தாண்ட ஒரு முழம், அந்தாண்ட ஒரு முழம். மேலே முழங்கை இடிக்கிற உயரம். அது எங்கள் ஏரிக் கோல்.

கோலி அசையவில்லை. அவனும் என்னைப் போல் ஒரு பிடிவாதக்காரன். தம்பி கையை ஓங்கிவிட்டு நின்றான். விசில் ஊதிய பிறகு மூன்று நொடிக்குள் எறிந்தாக வேண்டும். கோச் மூலை மூலை என்கிறார். தலையில் பட்டால் வெளியே, ஆட்டம் போச்சு, ஆசியா போச்சு, வேலையும் போனதுதான். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்:

"இன்னாடா, கை வலிக்குதா?"

எறிந்தான். பந்து எங்கே போகும் என்று எனக்கு எறிவதற்கு முன்பே தெரியும். என் கை தானாக என் வலது காதைப் பொத்திக்கொண்டது. அங்கே அந்த நெட்டைக் கோலியும் அப்படியே நின்றபடி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பந்து அவனுக்குப் பின்னால் வலையில் கிடந்தது.

நான் கத்தியது கேட்டதா என்று பிறகு தம்பியைக் கேட்டேன். "உன் கொரலு கேக்காத எடம் எதுக்கா கீது?" என்றான். அந்த வருஷம் நம் அணி ஆசியப் போட்டிக்குப் போனது. கடைசியாகவும் வரவில்லை. அதற்கப்புறம் நம்மோடு ஆட வந்த நாடுகள் பாதி ஆட்டத்தில் சிரிப்பதை நிறுத்திக்கொண்டன. கோச் பேப்பரில், காதோரம் எறிகிற முறையைத் தான் கேம்ப்பில் பழக்கியதாகச் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுப் போகட்டும். ஏரியில் அந்தக் கோல் நின்ற இடத்தை இன்றைக்கும் என்னால் காட்ட முடியும்.

அன்று ஆட்டம் முடிந்த விசில் எனக்குக் கேட்கவில்லை. எல்லாரும் எழுந்து குதிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கூட்டம் கலைந்து பஸ் ஏறியபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து என்னை நகரச் சொன்னார். நகர்ந்தேன். சுற்றிக்கொண்டு வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தார்.

"அந்தாண்ட கேக்காது இல்ல உனக்கு" என்றார்.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மாகூட வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கேக்காதுப்பா" என்றேன்.

"சரி, இப்பச் சொல்லு. அவ்ளோ பெரிய கோலு. ஓரமாப் போடாம அவன் காதாண்ட ஏன் போட்டான்?"

முதலிலிருந்து சொன்னேன். சவுக்குக் கம்பு, முழம், கூழ், கேப்டனின் கடப்பாரை, எல்லாம். பூந்தமல்லி தாண்டும்போது கண்டக்டர் வந்து, "மெல்லப் பேசும்மா, பஸ்ஸே உன் கதையத்தான் கேக்குது" என்றார்.

"கேக்கட்டும். காது கேக்காதவ சத்தமாத்தான் பேசுவா" என்று சொல்லிவிட்டு, அப்பா கேட்டதற்காக, ஏழு மீட்டர் கோட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.